என்ஜினுக்குள் புயல்: எண்ணெயை அடக்கும் தகடு

எண்ணெய் இல்லாமல் கார் என்ஜின் ஓடாது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் எண்ணெய் நிறைய இருந்தும் என்ஜின் கெட்டுப்போவது உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எண்ணெயின் அளவு சரியாக இருக்கிறது, தரமும் உயர்ந்ததே, பம்பிலும் பழுதில்லை. ஆயினும் காரை மிக வேகமாகச் செலுத்தும்போதோ, ஒரு வளைவில் விரைந்து திரும்பும்போதோ, ஓட்டுநரின் முன்னால் அலாவுதீனின் விளக்கைப் போன்ற அந்தச் சிவப்புக் குறி ஒரு கணம் மின்னி மறைகிறது. அந்த ஒரு கணம் என்ஜினின் உள்ளே உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசிவிடக்கூடும். இப்படிச் சில முறை நேர்ந்தால் போதும், பல லட்சம் ரூபாய் பெறும் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, என்ஜினுக்குள்தான் இருக்கிறது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கீழே தொட்டியில் தங்க வேண்டிய எண்ணெய், மேலே சுழலும் உறுப்புகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அல்லது நுரையாகிக் கிடக்கிறது.

இந்தத் தொல்லையைத் தடுக்க என்ஜின் வல்லுநர்கள் கண்ட வழி மிக எளிமையானது. ஒரு மெல்லிய தகடு. அதில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. மின்சாரம் வேண்டாம், கணிப்பொறி வேண்டாம். அதன் பெயர் 'விண்டேஜ் தட்டு'. பழைய கார்களை 'வின்டேஜ் கார்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காற்றைக் குறிக்கும் 'விண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது இந்தப் பெயர். வேகமாகச் சுழலும் ஒரு பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைக் கலக்குவதால் ஏற்படும் இழப்பைப் பொறியியலார் 'விண்டேஜ்' என்பார்கள். கார் என்ஜினுக்குள் கலக்கப்படுவது காற்று மட்டுமல்ல, எண்ணெயும்கூட.

எண்ணெயின் பயணம்

முதலில் எண்ணெய் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று பார்ப்போம். என்ஜினின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'ஆயில் சம்ப்' என்பார்கள். இதற்குள் ஒரு உறிஞ்சு குழாய் இறங்கியிருக்கும். அதன் நுனியில் ஒரு வலை. பம்பு இந்தக் குழாய் வழியே எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகச் செலுத்தி, என்ஜினின் உடலில் துளைக்கப்பட்ட வாய்க்கால்களுக்கு அனுப்புகிறது.

அந்த வாய்க்கால்களில் முக்கியமானவை கிராங்க் தண்டுக்குச் செல்கின்றன. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன அல்லவா? அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அது பேரிங்குகளின் மேல் அமர்ந்து சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்புதான். அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பி நிற்கிறது. சரியாக ஓடும் என்ஜினில் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை; எண்ணெயின் மேல் மிதக்கிறது.

பேரிங்குக்கு அனுப்பப்படும் எண்ணெய் அங்கேயே தங்கிவிடுவதில்லை. இரு பக்கங்களிலும் கசிந்து வெளியே வருகிறது. அப்படி வருவதே நல்லது. வெப்பத்தையும் தேய்மானத் துகள்களையும் அது எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. மேலே வால்வுகளுக்குச் சென்ற எண்ணெயும் கீழே வடிகிறது. எல்லாம் தொட்டியில் வந்து சேர வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எண்ணெய் வெளியே வரும் இடத்துக்கும் அது சேர வேண்டிய தொட்டிக்கும் நடுவே ஒரு புயல் வீசிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புயல் என்றது வெறும் அலங்காரச் சொல் அல்ல. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்வெட் காரின் 'எல்எஸ்1' என்ஜினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது 8 சிலிண்டர்கள் கொண்ட, 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின். பிஸ்டனின் ஓட்டம் 92 மில்லிமீட்டர். அப்படியானால் கிராங்க் தண்டின் முள், சுழல் மையத்திலிருந்து 46 மில்லிமீட்டர் தள்ளிச் சுற்றுகிறது என்று பொருள். என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது, நொடிக்கு 100 சுற்று ஆகிறது. ஒரு சுற்றில் முள் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். ஆகவே நொடிக்கு 29 மீட்டர். மணிக்குச் சுமார் 104 கிலோமீட்டர்!

இது முள்ளின் மையம் செல்லும் வேகம்தான். கிராங்க் தண்டின் எதிர் எடைகளின் விளிம்பு மையத்திலிருந்து இன்னும் அதிகத் தொலைவில் இருப்பதால், அது இன்னும் விரைவாகச் செல்லும். இத்தனை கனமான இரும்புத் துண்டுகள், எண்ணெய்ப் பரப்புக்குச் சில சென்டிமீட்டர் உயரத்தில், புயற்காற்றின் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

முள்ளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்த் துளியின் கதி என்ன? நனைந்த குடையைச் சுழற்றினால் நீர் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 1850 மடங்கு. ஒரு கிராம் எண்ணெய் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை உள்ளதுபோல் இழுக்கப்படுகிறது. துளி தூள்தூளாகச் சிதறி, அதிவேகத்தில் சுவர்களில் மோதுகிறது. அதில் ஒரு பகுதி பனிமூட்டம்போல் மிதக்கிறது. மற்றொரு பகுதி மோதித் திரும்பி, மறுபடியும் சுழலும் தண்டின்மேல் விழுகிறது. இவ்வாறு தண்டைச் சுற்றிச் சுற்றி எண்ணெய் ஓர் உறைபோல் கூடவே சுழலத் தொடங்குகிறது.

பிஸ்டன்களும் சும்மா இருப்பதில்லை. மேலே எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுவதை மட்டுமே நாம் நினைக்கிறோம். பிஸ்டன் கீழே வரும்போது அதன் அடியில் உள்ள காற்றையும் தள்ளுகிறது அல்லவா? எல்எஸ்1 என்ஜினில் ஒரு பிஸ்டன் ஒவ்வொரு முறையும் தள்ளுவது 0.7 லிட்டர் காற்று. நொடிக்கு 100 முறை என்றால் 70 லிட்டர். இப்படி 8 பிஸ்டன்கள். ஒன்று தள்ளும் காற்றை மற்றொன்று இழுக்க, தொட்டியின் எண்ணெய்ப் பரப்பின் மேல் ஓயாத சூறைக்காற்று அடிக்கிறது. பரப்பில் அலைகள் எழுகின்றன. சில அலைகள் எழும்பிக் கிராங்க் தண்டையே தொட்டுவிடுகின்றன.

மோர் கடையும் மத்து

இதனால் விளையும் கேடுகள் இரண்டு. முதலாவது, சக்தி வீணாதல். மோர் கடைந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வெறும் பானைக்குள் மத்தைச் சுழற்றுவது எளிது. தயிருக்குள் சுழற்றினால் கை வலிக்கிறது. கிராங்க் தண்டும் எண்ணெயைக் கடையும்போது அதற்கு வேண்டிய சக்தியை என்ஜினிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பெட்ரோலை எரித்துப் பெற்ற சக்தியில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல், எண்ணெயைச் சூடாக்குவதில் கழிந்துபோகிறது.

வேகம் கூடக்கூட இந்த இழப்பு மிக விரைவாகப் பெருகும். சுழற்சி வேகம் இருமடங்கானால், கலக்கத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. நகரத் தெருவில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது பொருட்படுத்த வேண்டாத இழப்பு, 6000 சுற்றில் 27 மடங்காகி வந்து நிற்கும். பந்தயக் கார்க்காரர்கள் இதை நினைத்துத் தூக்கம் இழப்பதில் வியப்பில்லை.

இந்த இழப்பு கார்களுக்கு மட்டும் உரியதல்ல. பெரிய அனல் மின் நிலையங்களில் உள்ள ஜெனரேட்டர்களின் கூட்டுக்குள் காற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள். ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு. அதனால் சுழலிக்கு ஏற்படும் விண்டேஜ் இழப்பு வெகுவாகக் குறைகிறது. வெப்பமும் நன்றாகக் கடத்தப்படுகிறது. கார் என்ஜினில் இந்த வித்தையைச் செய்ய முடியாது. அங்கே எண்ணெயை ஒதுக்கி வைப்பது ஒன்றே வழி.

நுரை என்னும் பகை

இரண்டாவது கேடு முதலாவதைவிடக் கொடியது. மோர் கடைந்தால் நுரை பொங்கும். எண்ணெயைக் கடைந்தாலும் அப்படியே. எண்ணெய்க்குள் காற்றுக் குமிழிகள் புகுந்துகொள்கின்றன.

கிணற்று மோட்டார் போட்டுப் பழகிய விவசாயிகள், 'பம்பு காற்று வாங்குகிறது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் மட்டம் இறங்கி, ஃபுட் வால்வு வெளியே தெரிந்தால், மோட்டார் ஓடும். தண்ணீர் மட்டும் வராது. என்ஜினின் எண்ணெய் பம்புக்கும் இதே நிலை வரலாம். எண்ணெயில் பெரும்பகுதி மேலே சுழன்றுகொண்டிருந்தால், தொட்டியில் மட்டம் இறங்குகிறது. எஞ்சியதும் நுரையாக இருந்தால், பம்பு உறிஞ்சுவது பாதி எண்ணெய், பாதி காற்று.

எண்ணெயை அழுத்தினால் அது ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. காற்றோ எளிதில் சுருங்கிவிடும். பேரிங்கில் தண்டைத் தாங்கி நிற்கும் படலத்தில் காற்று கலந்தால், தாங்கும் வலு குறைகிறது. படலம் அறுந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. வால்வுகளை இயக்கும் எண்ணெய் அழுத்தத் தள்ளிகளும் பஞ்சுபோல் அமுங்கி, டக் டக் என்று ஒலி எழுப்பும். வெப்பத்தைச் சுமந்து செல்லும் திறனும் குறையும். காற்றோடு நன்றாகக் கலப்பதால் எண்ணெய் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டும் போகும்.

'குமிழிகள் தாமாகவே மேலே வந்து உடைந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். வரும், ஆனால் எப்போது? அதற்கும் கணக்கு உண்டு. ஸ்டோக்ஸ் விதிப்படி, ஒரு குமிழி மேலே எழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகும். சூடான என்ஜின் எண்ணெயில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி 5 சென்டிமீட்டர் உயரத்தை நான்கைந்து நொடிகளில் கடந்துவிடும். விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டரே உள்ள குமிழிக்கோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். ஆனால் வேகமாக ஓடும் என்ஜினில், தொட்டியில் உள்ள எண்ணெய் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பல தடவை சுற்றி வந்துவிடுகிறது. சிறு குமிழிகள் மேலே வருமுன் பம்பு அவற்றை உறிஞ்சிவிடும்.

எண்ணெய் தயாரிப்பவர்கள் நுரையை உடைக்கச் சிலிக்கோன் சேர்மங்களைப் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் சேர்க்கிறார்கள். இவை பரப்பில் மிதக்கும் நுரையை உடைக்கும். ஆனால் எண்ணெய்க்குள் அமிழ்ந்துள்ள நுண்குமிழிகளை வெளியேற்ற இவை உதவுவதில்லை. அளவு மிஞ்சினால் அந்தக் குமிழிகள் வெளியேறுவது தாமதமாகவும் கூடும். ஆகவே, நுரை உண்டான பின் மருந்து தேடுவதைவிட, நுரை உண்டாகாமல் தடுப்பதே அறிவுடைமை. விண்டேஜ் தட்டின் வேலை அதுதான்.

அன்று நண்பன், இன்று பகைவன்

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இப்படி எண்ணெய் சிதறுவதைத்தான் பொறியாளர்கள் விரும்பினார்கள்! 1908-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஃபோர்டு 'மாடல் டி' காரில் எண்ணெய் பம்பே கிடையாது. அடித்தட்டில் சிறு பள்ளங்கள் இருந்தன. இணைப்புத் தண்டுகளின் கீழ்முனை ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளத்து எண்ணெயில் தோய்ந்து, நாலாபுறமும் வாரி இறைத்தது. அந்தத் தெறிப்பே பேரிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவர்களுக்கும் போதுமானதாக இருந்தது. அந்த என்ஜின் தன் முழுச் சக்தியான 20 குதிரைச் சக்தியைக் கொடுத்தது நிமிடத்துக்கு 1600 சுற்று அளவில்தான். இன்றும் சிறு ஜெனரேட்டர்கள், புல்வெட்டும் எந்திரங்கள் பலவற்றில் இந்தத் தெறிப்பு முறையே உள்ளது.

வேகம் கூடியபோது கதை மாறியது. எண்ணெய் பம்பு வந்தது. துளைகள் வழியாக நேரே பேரிங்குக்கு எண்ணெய் சென்றது. தெறிப்பின் தேவை குறைந்தது. அதன் தொல்லையோ பெருகியது. 1960-களில் அமெரிக்காவின் சக்திமிக்க வி-8 என்ஜின்களில் விண்டேஜ் தட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரலாயிற்று. கிரைஸ்லரின் '426 ஹெமி', ஷெவர்லே கமாரோ 'இசட் 28' காரின் 302 கன அங்குல என்ஜின் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

தெறிப்பு முற்றிலும் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சிலிண்டர்ச் சுவர்களும், பிஸ்டனை இணைக்கும் ஊசியும் இன்றும் ஓரளவு இந்தத் தெறிப்பையும் மூட்டத்தையும் நம்பித்தான் இருக்கின்றன. விண்டேஜ் தட்டு கிராங்க் தண்டுக்குக் கீழேதான் அமைகிறது. மேலே போகும் தெறிப்பை அது தடுப்பதில்லை. கீழே வந்த எண்ணெய் மறுபடியும் புயலில் சிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

தட்டு எப்படி வேலை செய்கிறது?

கிராங்க் தண்டுக்கும் எண்ணெய்ப் பரப்புக்கும் நடுவே கிடையாக ஒரு தகட்டைப் பொருத்துகிறார்கள். சுழலும் எடைகளின் பாதைக்கு ஏற்ப அதை வளைத்திருப்பதும் உண்டு. இந்தத் தகடு மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, கூரையாக இருப்பது. மேலே அடிக்கும் சூறைக்காற்று எண்ணெய்ப் பரப்பைத் தொடாமல் இது மறைக்கிறது. காற்றுப் படாத குளத்தில் அலை ஏது? அடியில் உள்ள எண்ணெய் அமைதியாக இருக்கிறது. பெரிய குமிழிகள் மேலே வந்து உடைய நேரம் கிடைக்கிறது.

இரண்டாவது வேலை, வடிகட்டுவது. தண்டிலிருந்து வீசப்பட்ட எண்ணெய் தகட்டின் மேல் மோதும். அது அங்கேயே தேங்கினால் பயனில்லை. மறுபடியும் தண்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தகட்டில் பிளவுகள் இருக்க வேண்டும். காரட் துருவும் தகட்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு துளையின் ஓரமும் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும். காரட்டை ஒரு திசையில் தேய்த்தால் சீவும். எதிர்த்திசையில் தேய்த்தால் வழுக்கும். பல விண்டேஜ் தட்டுகளின் பிளவுகளும் இவ்வாறே அமைந்துள்ளன. தண்டு சுழலும் திசையை எதிர்நோக்கித் திறந்திருக்கும் இந்தப் பிளவுகள், விரைந்து வரும் எண்ணெயைச் சீவி எடுத்துக் கீழே அனுப்புகின்றன. ஆனால் கீழே உள்ள எண்ணெய் எழும்பினால், அதற்கு நேர்வழி கிடைப்பதில்லை. ஒருவழிப் பாதை போன்ற ஏற்பாடு இது. வேறு சில தட்டுகளில் பிளவுகளுக்குப் பதிலாக நுண்ணிய கம்பி வலை இருக்கும். எண்ணெய்த் துளி வலையில் மோதி, வேகம் இழந்து, சொட்டிவிடும்.

மூன்றாவது வேலை, மூடியாக இருப்பது. பேருந்து திடீரென பிரேக் போடும்போது, கையில் உள்ள தூக்குவாளியின் தண்ணீர் முன்புறம் ஏறிச் சிந்துகிறது. கார் வளைவில் திரும்பும்போது எண்ணெயும் ஒரு பக்கமாக ஏறுகிறது. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிட்டால், எண்ணெய்ப் பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். நல்ல டயர் பூட்டிய விளையாட்டுக் கார்களில் இந்த அளவை நெருங்குவது நடக்கக்கூடியதே. அப்போது எண்ணெய் எழும்பிக் கிராங்க் தண்டின்மேல் பாயாமல் தட்டு தடுக்கிறது. தொட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் தடுப்புச் சுவர்கள், உறிஞ்சு குழாயைச் சுற்றி எண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. கிடைத்தட்டும் செங்குத்துச் சுவரும் சேர்ந்துதான் முழுப் பாதுகாப்பு.

இவற்றோடு 'வழிப்பான்' என்று சொல்லத்தக்க ஓர் உறுப்பும் சில என்ஜின்களில் உண்டு. கிராங்க் தண்டின் பக்கவாட்டில், அதன் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிய ஒரு தகட்டின் விளிம்பை மிக நெருக்கமாக நிறுத்தியிருப்பார்கள். கூடவே சுழலும் எண்ணெய் உறையை அது வழித்து எடுத்துவிடும். கொதிக்கும் பாலின் ஏட்டைக் கரண்டியால் ஒதுக்குவது போல!

எளிய தகடுதானே என்று அலட்சியம் கூடாது. முழு வேகத்தில் கிராங்க் தண்டு சற்றே வளையும். இணைப்புத் தண்டு சிறிது நீளும். தகடு மிக நெருங்கியிருந்தால் இடித்துவிடும். மிக விலகியிருந்தால் பயன் குறையும். அதிர்வினால் விரிசல் விட்டு ஒரு துண்டு உடைந்து விழுந்தாலோ, காக்க வந்ததே என்ஜினைக் கெடுத்துவிடும். எனவே உறுதியாகப் பூட்டுவது மிக முக்கியம்.

செய்து பாருங்கள்

இந்தத் தத்துவத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான ஒரு பாத்திரத்தில் சிறிது சோப்பு கலந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தின் தலை நீர்ப்பரப்பைத் தொடுமாறு வைத்துக் கடையுங்கள். சில நொடிகளில் பாத்திரம் முழுவதும் நுரை. மத்தைச் சுழற்றவும் கைக்கு வேலை அதிகம்.

அடுத்து, அதே பாத்திரத்தில் புதிதாகச் சோப்பு நீரை எடுத்து, துளைகள் உள்ள ஒரு வடிதட்டை நீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்குமாறு வையுங்கள். இப்போது தட்டுக்கு மேலே மத்தைச் சுழற்றிக்கொண்டே, நண்பர் ஒருவரைச் சிறிது சிறிதாக மேலிருந்து தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர் சிதறும், தட்டில் விழும், துளை வழியே வடிந்துவிடும். அடியில் உள்ள நீர்ப்பரப்பு பெரும்பாலும் அமைதியாக இருப்பதையும், நுரை குறைவாக இருப்பதையும் காண்பீர்கள். ஊற்றுவதை நிறுத்தாமல், நீர்மட்டம் தட்டுக்கு மேலே வரும் வரை விட்டுப் பாருங்கள். மறுபடியும் நுரை! இந்தக் கடைசிக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருளைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

ஒரே காரில் நான்கு படிகள்

முன்பு சொன்ன கார்வெட் காருக்குத் திரும்புவோம். அதன் வரலாற்றிலேயே எண்ணெயை அடக்கும் கலை படிப்படியாக வளர்ந்ததைக் காணலாம்.

கார்வெட் தரையோடு ஒட்டி ஓடும் கார். ஆழமான எண்ணெய்த் தொட்டிக்கு அதில் இடமில்லை. எனவே 1997-இல் எல்எஸ்1 என்ஜினுக்கு ஆழம் குறைந்த, இருபுறமும் அகன்ற தொட்டியைச் செய்தார்கள். பார்ப்பதற்கு இறக்கை விரித்த வௌவாலைப் போல் இருந்ததால், 'வௌவால் சிறகு' என்ற செல்லப் பெயர் அதற்கு ஏற்பட்டது. ஆழம் குறைந்தால் எண்ணெய்ப் பரப்பு கிராங்க் தண்டை நெருங்கிவிடும் அல்லவா? அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு விண்டேஜ் தட்டு, கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் மூடிகளின் போல்ட்டுகளிலேயே பூட்டப்பட்டது.

2001-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்எஸ்6 என்ஜின் வந்தது. இதன் வேக எல்லை 6000-இலிருந்து 6500 சுற்றாக உயர்ந்தது. பிஸ்டன்கள் தள்ளும் காற்று பக்கத்து அறைக்கு எளிதாகப் போய்வர, அறைகளைப் பிரிக்கும் சுவர்களிலேயே ஜன்னல் போன்ற திறப்புகளை வார்த்துவிட்டார்கள். காற்றுக்கு நேர்வழி கிடைத்ததால், அது தொட்டிக்குள் இறங்கி எண்ணெயைக் கலக்குவது குறைந்தது.

2006-இல் வந்த எல்எஸ்7 என்ஜின் 7 லிட்டர் கொள்ளளவு உடையது. 7000 சுற்று வரை ஓடக்கூடியது. இங்கே தட்டு மட்டும் போதவில்லை. எண்ணெயை என்ஜினுக்கு அடியில் வைத்திருப்பதையே கைவிட்டார்கள். கீழே விழும் எண்ணெயை ஒரு பம்பு உடனுக்குடன் உறிஞ்சித் தனியே நிற்கும் உயரமான கலத்துக்கு அனுப்பியது. அங்கே எண்ணெயிலிருந்து காற்று பிரிந்தது. இதற்கு 'உலர் தொட்டி முறை' என்று பெயர். 2020-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த எட்டாம் தலைமுறைக் கார்வெட்டில் இந்த உலர் தொட்டி எல்லாக் கார்களுக்கும் பொதுவாயிற்று. எண்ணெயை வாரி எடுக்க மட்டும் மூன்று பம்புகள் அமைந்தன.

நான்கு படிகளிலும் நோக்கம் ஒன்றே: வேலை முடித்த எண்ணெயைச் சுழலும் தண்டிடமிருந்து விரைவில் பிரித்துவிட வேண்டும். உலர் தொட்டி முறை விலை மிகுந்தது. பம்புகளும் குழாய்களும் கலமும் வேண்டும். விண்டேஜ் தட்டோ ஒரு தகடும் சில போல்ட்டுகளும்தான். குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது இதன் சிறப்பு.

எல்லாக் கார்களுக்கும் வேண்டுமா?

அமைதியாக ஊருக்குள் ஓட்டும் காரில் இந்தத் தட்டினால் கிடைக்கும் சக்தி கண்ணுக்குத் தெரியாது. வேகத்தில்தான் அதன் அருமை புலப்படும். ஆனாலும் இன்று சாதாரணக் கார்கள் பலவற்றிலும் ஏதாவது ஒரு வடிவில் இதைக் காண்கிறோம். சிலவற்றில் தனித் தகடாக, சிலவற்றில் தொட்டியின் வார்ப்போடு சேர்ந்த தடுப்பாக. என்ஜினுக்குள் மிதக்கும் எண்ணெய் மூட்டம் காற்றோட்டக் குழாய் வழியே எரியறைக்குச் சென்றால் புகை வரும், எண்ணெயும் செலவாகும். மூட்டத்தைக் குறைப்பது சுற்றுச்சூழலுக்கும் நல்லது. மின்சாரக் கார்கள் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. அவற்றின் பற்சக்கரப் பெட்டிகளிலும் எண்ணெய் உண்டு; அங்கேயும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடையாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் அமைக்கிறார்கள்.

இப்போது வடிதட்டுச் சோதனையின் கடைசிக் காட்சியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நீர் தட்டுக்கு மேலே வந்ததும் தட்டின் பயன் போய்விட்டது. காரிலும் அப்படித்தான். 'எண்ணெய் கொஞ்சம் கூடவே இருக்கட்டும், நல்லதுதானே' என்று சிலர் அளவுக்கு மேல் ஊற்றிவிடுகிறார்கள். அப்போது எண்ணெய் மட்டம் தட்டைத் தாண்டிக் கிராங்க் தண்டையே எட்டிவிடலாம். வல்லுநர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்து வைத்த இரண்டையும் நாமே மறுபடியும் சேர்த்துவிடுகிறோம். நுரை பொங்குகிறது, சக்தி வீணாகிறது, பேரிங்குகளுக்குக் காற்று போகிறது. குறைவான எண்ணெய் எவ்வளவு கெடுதலோ, மிகுதியான எண்ணெயும் அதே வழியில் கெடுதல் செய்யும்.

ஆகவே என்ஜினில் எண்ணெய் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது, அதில் உள்ள இரண்டு குறிகளையும் மதியுங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, எண்ணெய் முழுவதும் வடிந்த பின் பார்க்க வேண்டும். எண்ணெய் மேல் குறியைத் தாண்டியிருந்தால், தாண்டிய அளவை எடுத்துவிடச் சொல்லுங்கள். கீழ்க் குறி, எண்ணெய் எவ்வளவு குறையலாம் என்பதைச் சொல்கிறது. மேல் குறி, அந்தப் புயலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சொல்கிறது.